முதல் பாகம் மட்டும்

"ஆம்பிளைக்கு வலது, பொம்பளைக்கு இடது. இதுகூடத் தெரியாம என்னத்த கையை நீட்டுதீய?"

விடிந்தும் விடியாமல் வெறும் வயிற்றோடு வந்து, ஊசியை நினைத்துப் பாதி உயிராக உட்கார்ந்திருக்கும் மனுசரிடம் அந்த அக்கா முதலில் கேட்கிற கேள்வி இதுதான். ரத்தம் எடுக்கப் போகிறவள் இதை ஏன் கேட்கிறாள் என்று அவர் முழிப்பதற்குள், அக்கா அவர் உள்ளங்கையை மலர்த்தி வெளிச்சத்துக்குத் திருப்பியிருப்பார். மேலே முழங்கைக்குப் பக்கத்தில் ரப்பர் பட்டை கட்டியாகிவிடும். கீழே அக்காவின் பெருவிரல் கையின் கோடுகளில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ஒன்பது வருசம் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். அக்கா ரத்தம் எடுப்பார், மெஷினில் வைப்பார். நான் வாசலில் பில் போட்டு, சாயங்காலம் ரிப்போர்ட் டைப் அடிப்பேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு. எங்கள் லேபு மாடியில் இருந்தது. கீழே கடலை மிட்டாய் போடுகிற இடம். காலையில் வெல்லப் பாகு கொதிக்கிற வாசனை படியேறி நேரே எங்களிடம் வந்துவிடும். சர்க்கரை பார்க்க வந்தவர்களெல்லாம் பட்டினியோடு அதை மோந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "வாசனைக்கே சுகர் ஏறிரும்போல இருக்கேம்மா" என்று ஒரு பெரியவர் மாதா மாதம் தவறாமல் சொல்வார். அக்காவும் மாதா மாதம் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்போடுதான் கையைப் பிடிப்பார். "இந்தா, கட்டை விரலைச் சுத்தி எறங்குது பாருங்க, இது ஆயுள் ரேகை. ஒரு இடத்துல நிக்குதா? நிக்கலை. நடுவுல குறுக்க ஓடுதது புத்தி ரேகை. அதுக்கு மேல இருதய ரேகை. உங்களுக்கு மூணும் தெளிவா இருக்கு, அண்ணாச்சி. ஆள்காட்டி விரலுக்குக் கீழ குரு மேடு, நல்லா எழும்பி நிக்குது. நாலு பேருக்கு நல்லது சொல்லுத கை." இதற்குள் நரம்பு புடைத்துவிடும். "சரி, சொன்னதையெல்லாம் உள்ள வச்சு, சிந்தாம, கையை மூடிக்கிடுங்க" என்பார். அவரும் ஏதோ கையில் நிஜமாகவே ஒரு பொருளை வைத்ததுபோல விரல்களை இறுக்கி மூடுவார். சனி மேடு நடுவிரலுக்கு அடியில், சூரிய மேடு மோதிர விரலுக்கு அடியில் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருக்க, ஊசி போய் வந்துவிடும். பஞ்சை வைத்துக் கையை மடக்கியபிறகும் அவர் மூடிய விரலைத் திறக்கமாட்டார். படியிறங்கும்வரை அப்படியே பொத்திக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுண்டு விரலுக்குப் புதன், கட்டை விரலடியில் புடைத்திருப்பது சுக்கிரன். அவ்வளவுதான் அக்காவுக்குத் தெரிந்த கைரேகை. பில் போட்டபடியே காதில் விழுந்து விழுந்து ஒரே மாதத்தில் எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. இதோ, உங்களுக்கும் வந்துவிட்டது.

அதைக் கற்றது ஒரு சின்னப் புத்தகத்திலிருந்து. ஆரம்பநிலையினருக்கான கைரேகை, முதல் பாகம். மொத்தம் நாற்பது பக்கம் இருக்கும். ரயில்வே ஸ்டேஷனில் ஒருநாள் வண்டி தாமதமானபோது பொழுதுபோகாமல் வாங்கினாராம். லேப் மேசை டிராயரில் பஞ்சுக் கட்டுக்கு அடியில் கிடக்கும். அட்டையில் ஸ்பிரிட் சிந்திச் சிந்தி அந்தக் கைப் படமே வெளுத்துப்போயிருந்தது.

"ரெண்டாம் பாகம் வாங்கலியாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முதல் பாகத்துல கோடு, மேடு எல்லாம் எங்கன இருக்கு, இருந்தா என்ன நல்லதுன்னு போட்டிருக்கான். ரெண்டாவதுல வெட்டு, தீவு, புள்ளி, குறுக்குக்கோடு. எல்லாம் கெட்டது. அது நமக்கு எதுக்குட்டி? கெட்டதைச் சொல்லத்தான் உள்ள மெஷின் வாங்கிப் போட்டிருக்காவளே."

நான் சும்மா இருக்கிறவளா? திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்த ரெண்டாம் பாகத்தைத் தேடிப் பிடித்து வாங்கிவந்து, பிறந்தநாள் பரிசு மாதிரி நீட்டினேன். அக்கா வாங்கினார், அட்டையைப் பார்த்தார், ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் குனிந்து, ஆடிக்கொண்டிருந்த ஸ்டூலின் காலுக்கு அடியில் வைத்தார். உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நல்ல புஸ்தகம்தான், ஆட்டம் நின்னுட்டு" என்றார்.

மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு வருகிற லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். கயத்தாறு பக்கத்து ஆள். சிரிஞ்சைக் கண்ணால் பார்த்தால் போதும், சரிந்துவிடுவார். இரண்டு லேபில் தரையில் கிடந்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து, "புதன் மேடு இப்படி இருக்கவிய பேச்சிலயே ஊரை வித்துருவாவளே" என்று ஒரு போடு போட்டார். மனுசன் தான் ஆந்திராவில் ஒரு செக்போஸ்டில் பேசியே தப்பித்த கதையை ஆரம்பித்தார். கதை முடிந்ததும், "ஊசி எப்பம் போடுவீய?" என்றார். பஞ்சு அவர் கையில் இருந்தது.

தீப்பெட்டி ஆபீசிலிருந்து வருகிற பெண்களின் கையை மட்டும் அக்கா அவ்வளவு சீக்கிரம் விடமாட்டார். தீக்குச்சி மருந்துக் கறையும் வெடிப்புமாக, கோடு எது கீறல் எது என்று தெரியாத கைகள். மேசைக்கு அடியில் ஒரு சின்னப் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் வைத்திருப்பார். இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துவிட்டு, "கோடு உள்ள பத்திரமா இருக்கு, நீ மேல பூசி வச்சிருக்கே" என்பார். அவர்களில் ஒருத்திக்கு ரத்தம் பாதிக்குப் பாதிதான் இருந்தது. ரிப்போர்ட்டை நான் டைப் அடித்துக் கொடுத்ததும், அக்கா கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தப் பெண்ணைத் தானே ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நல்லதை வாயால் சொல்வார். கெட்டதுக்குக் காலால் நடப்பார். அப்படி ஒரு பழக்கம்.

ஒரே ஒரு கட்டுப்பாடு அவருக்கு உண்டு. எத்தனை வயது வரை இருப்பேன் என்று கேட்டால் மட்டும் சொல்லமாட்டார். "நம்பர் சொல்லுதது மெஷின் வேலை. நான் கோடு இருக்குன்னு மட்டுந்தான் சொல்லுவேன்."

என் கையை அவர் பார்த்ததே கிடையாது. நானும் எத்தனையோ தடவை நீட்டியிருக்கிறேன். தட்டிவிடுவார். "உன் கையை என்னத்த பாக்க? உன் வாய்தான் எல்லாத்தையும் சொல்லிருதே."

உண்மைதான். எனக்கு வாயில் எதுவும் தங்காது. கூட்டம் ஓய்ந்த மத்தியான நேரங்களில் என் பிறந்த வீடு, புகுந்த வீடு எல்லாவற்றையும் அவர் முன்னால் கொட்டியிருக்கிறேன். அதிலும் என் அண்ணன் கதை நிறைய. பசுவந்தனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா செத்தபோது எனக்கு ஏழு வயது, அண்ணனுக்கு இருபது. அண்ணன்தான் எனக்கு அப்பா. சிறு வயதில் கிணற்றில் விழுந்து அவர் பிழைத்தது, பிறந்து மூன்றாம் மாதம் செத்துப்போன எங்கள் தம்பி, கல்யாணத்துக்கு முன்னால் அவர் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியை நினைத்து, அது கூடிவராமல் போனது, எல்லாம் அக்காவுக்குத் தெரியும். அந்தக் கடைசி விஷயம் அண்ணன் என்னிடம் மட்டும் ஒருநாள் மனசு விட்டுச் சொன்னது. அண்ணிக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு நடக்கும்போது கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் முகம் உப்பியிருக்கும். நாலு வரப்பு நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று அண்ணி போனில் சொன்னார். "இங்க வந்து ரத்தம் குடுத்துட்டுப் போங்கண்ணே" என்று கெஞ்சினேன். அண்ணனுக்கு டெஸ்ட் என்றாலே ஆகாது. எங்கள் அப்பாவைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் டெஸ்ட் எடுத்தார்கள், பத்தாம் நாள் செத்துப்போனார். அதனால், "டெஸ்ட் எடுத்தாத்தான் நோய் வரும்" என்பது அவருடைய தீர்மானம். ஒரு மாதம் போராடி, என் தலைமேல் சத்தியம் வைத்து வரவழைத்தேன்.

அவர் மாடி ஏறி வருவதற்குள் நான் அக்காவிடம் ஓடினேன். "அக்கா, பயந்து நடுங்கிக்கிட்டு வாரார். ஆயுசு கெட்டின்னு சொல்லுங்க. எண்பத்தஞ்சுன்னு சொல்லுங்க. நம்பர் சொன்னாத்தான் எங்க அண்ணன் நம்புவாரு."

"நம்பர் எல்லாம் வேண்டாம்டி."

"எனக்காக்கா. ஒரே ஒரு தடவை."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அது சரி என்று சொல்வதற்கு அவருடைய அடையாளம்.

அண்ணன் வலது கையை நீட்டினார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. கரிசல் மண் எத்தனை கழுவினாலும் போகாமல் கோடுகளில் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதை மலர்த்திப் பார்த்து, தண்ணீரில் ஒரு கண்டம் இருந்து தப்பித்தது என்றார். கூடப் பிறந்த ஒன்று தங்கவில்லை என்றார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா இருதய ரேகைக்குப் போய், குரலைத் தாழ்த்தி, "இங்கன ஒரு கிளை பிரிஞ்சு போகுது, அண்ணாச்சி. கூடிவராமப் போன ஒண்ணு இன்னும் மனசுல கெடக்கு" என்றார்.

அண்ணனின் முகம் மாறியது. இடது கையால் மீசையைத் துடைத்தார். அந்தக் கதையை அக்கா எடுப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அக்காவைக் குறை சொல்லி என்ன? நம்பவைக்கச் சொன்னவள் நான்.

"ஆயுசு எம்புட்டு, டாக்டரம்மா?" என்றார் அண்ணன். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் எல்லாரும் அவருக்கு டாக்டர்தான்.

அக்கா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தார். "எண்பத்தஞ்சு. உள்ள வச்சு மூடிக்கிடுங்க."

அண்ணன் மூடினார். ஊசி போனதே அவருக்குத் தெரியவில்லை. கீழே இறங்கி, பேரப்பிள்ளைக்கு ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு விசிலடிக்காத குறையாக நடந்துபோனார். மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் மெஷின் சொன்னதை நான்தான் டைப் அடித்தேன். சிறுநீரகத்துக்கான எண் ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது, ஏழுக்கு மேல் இருந்தது. அக்கா மறுபடியும் வைத்துப் பார்த்தார். அதே ஏழு. எங்களுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். நாள் கடத்தக் கூடாது என்றார்.

போனில் அண்ணன் சிரித்தார். "ஏட்டி, டாக்டரம்மா கையைப் பிடிச்சுப் பாத்து எண்பத்தஞ்சுன்னு சொல்லியாச்சு. மனசுக்குள்ள கெடந்ததையே எடுத்துச் சொன்ன தெய்வம் அது. உங்க மெஷினு என்னைப் பத்தி என்னத்தக் கண்டுச்சு? புரட்டாசி பொறந்துட்டு. மழை எறங்கிட்டு. விதைக்கணும். தையில அறுத்துப் போட்டுட்டு வாரேன்."

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. ஈரம் காய்வதற்குள் விதைக்காவிட்டால் அந்த வருசமே போச்சு. அதனால் அவரை யாரும் அசைக்க முடியவில்லை. அண்ணி அழுதார். பிள்ளைகள் சொல்லிப் பார்த்தார்கள். "படிச்ச பொம்பளை, ரத்தத்தையே கையில வச்சிருக்கவிய, பொய்யா சொல்லுவாவ?" என்று அண்ணன் கேட்டால் யார் என்ன பதில் சொல்ல? தெருவில் கிளி ஜோசியக்காரன் சொல்லியிருந்தால் எங்கள் அண்ணன் காதில்கூடப் போட்டிருக்கமாட்டார். ஊசியும் கையுமாக ஒருவர் சொன்னதால் அது வேதவாக்காகிவிட்டது.

இதை நான் அக்காவிடம் சொன்ன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே என்னை வரச்சொல்லி அக்கா பஸ் ஸ்டாண்டில் நின்றார். பையில் அந்த முதல் பாகம். "நான் போட்டதை நான்தான் எடுக்கணும். வா" என்றார்.

ஊருக்குள் இறங்கியபோது முந்தின ராத்திரி மழை. கரிசல் மண் செருப்பில் அப்பி அப்பி, பத்து அடிக்குள் செருப்பு செங்கல் கனம் ஆகிவிட்டது. அக்கா இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். அண்ணன் வீட்டு முற்றத்தில் விதைப்புக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். காலில் வீக்கம் முழங்காலுக்கு ஏறியிருந்தது.

"டாக்டரம்மா வீடு தேடி வந்திருக்காவளே!" என்று கட்டிலை இழுத்துப் போட்டார். அண்ணி கருப்பட்டிக் காப்பி போட உள்ளே போனார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "அண்ணாச்சி, எனக்குக் கைரேகை தெரியாது. ஊசி வலிக்காம இருக்கட்டும்னு பேசுத பேச்சு அது. இந்தா, இம்புட்டுப் புஸ்தகந்தான் படிச்சிருக்கேன், அதுவும் முதல் பாகம். எண்பத்தஞ்சு பொய். ரத்தத்துல வந்ததுதான் நெசம். இன்னைக்கே கெளம்புங்க, நானும் கூட வாரேன்."

அண்ணன் அந்தப் புத்தகத்தை வாங்கி எடை பார்ப்பதுபோலக் கையில் வைத்துப் பார்த்தார். "இம்புட்டுப் படிச்சதுக்கே இப்படிப் புட்டுப்புட்டு வைக்கீயளே! எங்க தங்கச்சி அழுதிருப்பா, அதுக்காகச் சொல்லுதீய. குடுத்த வாக்கைத் திருப்பி வாங்காதீய, தாயி. மத்ததெல்லாம் எப்படிச் சொன்னீய? கெணத்துல விழுந்தது? அப்புறம் அந்த... இன்னொண்ணு?"

"அதெல்லாம் உங்க கையில இல்ல. உங்க தங்கச்சி சொல்லி எனக்குத் தெரியும்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கோபம் இல்லை, நம்ப முடியாத முகம். அதே நேரம் அண்ணி காப்பி டம்ளர்களோடு வாசலுக்கு வந்து, "இன்னொண்ணு எது? என்னத்தச் சொன்னாவ?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

"ஏட்டி, நீயா சொன்னே?" என்றார் அண்ணன்.

ஒரே சொல். ஆமா என்று சொன்னால் போதும். அந்த எண்பத்தைந்து அங்கேயே உடைந்து விழுந்திருக்கும். ஆனால் அண்ணி நிற்கிறார். என்னை வளர்த்த அண்ணன், என்னை மட்டும் நம்பிச் சொன்ன ரகசியத்தை ஊர்ப் பொம்பளையிடம் ஒப்பித்தவள் என்று தெரிந்தால்? இதெல்லாம் நான் யோசித்தேனா என்றுகூடத் தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

"நான் ஒண்ணும் சொல்லலியேண்ணே."

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீயளா!" என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. டம்ளரை வாங்கி, காப்பியை ஆற்றிக் குடித்தார். அதற்குப் பிறகும் அரைமணி நேரம் அண்ணனிடம் மன்றாடினார். கையெடுத்துக் கும்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தார். எப்போது கேட்பாரோ என்று நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். கோவில்பட்டி வரும்போது, "காப்பியில சுக்கு போட்டிருந்தாவ, நல்லா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான்.

மார்கழியில் ஒரு விடியக்காலையில் அண்ணனுக்கு மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். மக்காச்சோளம் கதிர் முற்றி நின்றது. அதை அறுக்கப் பிள்ளைகள்தான் இறங்கினார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் எங்கள் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் லேப் மாடி ஏறி வந்தார்கள். "கையைப் பாத்து எண்பத்தஞ்சுன்னு சொல்லி ஆளைக் கொன்னுட்டா" என்று சத்தம் போட்டார்கள். வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். லேப் முதலாளி ஓடிவந்தார். "கைரேகை பாக்கவா உங்களை வேலைக்கு வச்சேன்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

அக்கா என் பெயரைச் சொல்லவில்லை. நான் பில் மேசையில்தான் இருந்தேன். கையெட்டும் தூரம். தலை குனிந்து, ஏற்கெனவே அடித்து முடித்த ரிப்போர்ட் ஒன்றை மறுபடி அடித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் அக்கா கோட்டைக் கழற்றி மடித்து ஸ்டூல் மேல் வைத்தார். சாப்பாட்டுத் தூக்கை எடுத்தார். படியில் இறங்கப் போனவர் திரும்பி வந்து, "உள்ள நாலாவது ட்யூப்ல பேரு ஒட்டலை. மாறிறாம பாத்து ஒட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு எல்லாரும் போனபிறகு ஸ்டூலுக்கு அடியில் கிடந்த ரெண்டாம் பாகத்தை எடுத்தேன். ஸ்டூல் பழையபடி ஆடியது. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்: ஆயுள் ரேகையின் நீளத்தைப் பார்த்து வயதைச் சொல்லக் கூடாது, புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் முதல் தவறு அது. அதைப் படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. பாரு, தப்பு அக்காமேல்தான், ஒழுங்காகப் படிக்காமல் சொன்னது அவர்தானே என்று ஒரு நிம்மதி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிம்மதியைப் பிடித்துக்கொண்டு நான் ஆறு வருசம் ஓட்டினேன். அவரை எண்பத்தைந்து சொல்லவைத்தவள் நான் என்பதைப் புத்தகத்தில் எந்தப் பாகத்திலும் போடவில்லையே.

அதன்பிறகு அந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்த பிள்ளை கெட்டிக்காரிதான். "கையை நீட்டுங்க, மூடுங்க, அடுத்தது" என்று ஒரு மணி நேரத்தில் இருபது பேரை முடிப்பாள். லாரி டிரைவர் ஒருதடவை வந்து, ஸ்டூலைப் பார்த்து, "அந்த அம்மா எங்க?" என்றார். வேலையை விட்டுட்டாவ என்றேன். மனுசன் கையைக் கொடுத்தார், அப்படியே சரிந்தார். மீசையில் தண்ணீர் தெளித்து எழுப்பினோம். நானும் அடுத்த வருசமே அந்த வேலையை விட்டுவிட்டேன்.

போன மாதம் அண்ணியோடு இருந்தேன். அண்ணன் திதி. சாப்பிட்டு முடித்து, இலை எடுத்து, எல்லாரும் போனபின் அண்ணி வழக்கம்போல ஆரம்பித்தார். "அந்த லேப்காரி மட்டும் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா..." ஒவ்வொரு திதிக்கும் கேட்கிற வார்த்தைதான். இந்தத் தடவை என்னால் கேட்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். எண்பத்தைந்து சொல்லச் சொன்னது நான். கதையெல்லாம் சொன்னது நான். அன்றைக்கு முற்றத்தில் இல்லை என்றது பொய். உங்களுக்கு அந்தப் பெண் விஷயம் தெரியக் கூடாது என்றுதான், அண்ணி, அதுக்காகத்தான் என்று காலைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணி என்னைக் குனிந்து பார்த்தார்.

"எந்தப் பொண்ணு விஷயம்? பக்கத்து ஊர்க்காரியா?" என்றார். "கல்யாணமான மறு வாரமே அவிய எங்கிட்டச் சொல்லிட்டாவளே. நாங்க ரெண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்." பிறகு என் கையைத் தன் காலிலிருந்து எடுத்து விட்டார். "இதுக்காகவா நீ..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் எழுந்து உள்ளே போய்விட்டார். இன்றுவரை எனக்குப் போன் பண்ணவில்லை.

அக்கா கயத்தாறில் பைபாஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லேபில் இருக்கிறார் என்று எனக்கு ஐந்து வருசமாகத் தெரியும். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன். போன வாரம் டாக்டர் எனக்குச் சர்க்கரை பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். எங்கள் தெருவிலேயே லேபு இருக்கிறது. நான் கயத்தாறுக்குப் பஸ் ஏறினேன்.

அக்காவுக்கு நரை விழுந்திருந்தது. அதே தடித்த கண்ணாடி. எனக்கு முன்னால் ஒரு சின்னப் பையன் ஊசிக்கு வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். அவன் அம்மா பிடித்துக்கொள்ள, அக்கா ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் எண்ணெய்ப் பாட்டில் இருந்தது. புத்தகம் இல்லை.

என் முறை வந்தது. சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வெறும் வயிறுதானே?"

"ஆமாக்கா."

என் வலது கையை எடுத்து ரப்பர் பட்டையைச் சுற்றப் போனார். நான் அதை உருவிக்கொண்டு இடது கையை நீட்டினேன். உள்ளங்கையை விரித்து வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்தேன். பொம்பளைக்கு இடது அல்லவா.

"அண்ணிகிட்டச் சொல்லிட்டேங்க்கா. அன்னைக்கு அண்ணன் வீட்டு முத்தத்துல நான் சொன்னது பொய்யின்னு."

பட்டையை இடது கையில் கட்டினார். விரித்த கையை ஒருதடவை குனிந்து பார்த்தார். ஒன்பது வருசம் பார்க்காத கை. பெருவிரல் என் ஆயுள் ரேகை ஆரம்பிக்கிற இடத்தில் வந்து நின்றது. ஏதாவது சொல்லமாட்டாரா என்று இருந்தது. திட்டினால்கூடப் போதும்.

பெருவிரலை எடுத்துவிட்டார். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தானே மடக்கினார்.

"கையை மூடு" என்றார். "வலிக்கும்."